வரகுணனை அனுப்பிவைத்த தெய்வம்

மனம் நொந்தவர் மதுரையில் எங்கே போவது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அஷ்டசக்தி மண்டபத்தைக் கடந்து, பொற்றாமரைக் குளத்தின் படியில் சற்று உட்கார்ந்து, அம்மன் சந்நிதியில் கண்மூடி நின்று, பெற்ற தாயிடமும் சொல்லாத துக்கத்தை அங்கே சொல்லிவிட்டு வீடு திரும்புவது இவ்வூராருக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய வழி. அந்த வழியில் குறைகாண நான் இதை எழுதவில்லை. ஆனால் உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, இன்னதென்று தெரியாத பயத்தினாலோ தெரிந்தும் தாங்கமுடியாத துயரத்தினாலோ மாதக்கணக்கில் அவதியுறும் ஒருவரிடம், மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்த்து வந்தால் என்ன என்று சொல்ல நேரும்போது, அவரிடமிருந்து வருகிற பதில் எப்போதும் பணத்தைப் பற்றியதாகவோ தூரத்தைப் பற்றியதாகவோ இருப்பதில்லை, “மீனாட்சியிடம் சொல்லாததையா அங்கே போய்ச் சொல்லப் போகிறேன்?” என்பதாகவும் இருக்கிறது. இதை அறியாமை என்று ஒதுக்குவது எளிது, நியாயமன்று. அந்தப் பதிலுக்குள் கனமான சமயக் கேள்விகள் இரண்டு இருக்கின்றன. தெய்வத்தைச் சரணடைந்தவன் தன் மனத்தின் நோய்க்கு மனிதன் ஒருவனை நாடுவது விசுவாசக் குறைவாகாதா? வந்த துன்பம் வினைப்பயன் என்றால், அதை அனுபவித்துத் தீர்க்காமல் இடையிலே குறைத்துக்கொள்ள முயல்வது தகுமா?

இக்கேள்விகளுக்கு விடைதேட வேறு தேசங்களுக்குப் போகவேண்டியதில்லை. ஆலவாய் அண்ணலின் லீலைகளைப் பாடிய பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலேயே, வரகுணபாண்டியனுக்குச் சிவலோகம் காட்டிய படலத்தில், ஒரு மனோவேதனையின் சரித்திரம் முழுமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. வேட்டையாடிவிட்டு இருட்டில் குதிரைமேல் விரைந்து திரும்பிக்கொண்டிருந்த அரசன், வழியில் களைத்துப் படுத்திருந்த அந்தணன் ஒருவன் தன் குதிரையின் குளம்பில் மிதிபட்டு இறந்ததை அறியாமலே அரண்மனைக்குப் போய்விட்டான். பிறகு உடலைக் கொண்டுவந்து காட்டியபோதுதான் அவனுக்குத் தெரிந்தது. ஈமக்கடனுக்கு ஆவன செய்தான், பொருள் கொடுத்தான், தானதருமங்களும் பிராயச்சித்தங்களும் குறைவறச் செய்தான். ஆயினும் அந்தணனைக் கொன்ற பாவமாகிய பிரமகத்தி அவனைப் பற்றிக்கொண்டு, நிழலைப்போல் எங்கும் தொடர்ந்து, செய்த பரிகாரங்களாலெல்லாம் தணியாமல் வளர்ந்துகொண்டே போயிற்று என்கிறது புராணம். அறியாமல் நேர்ந்த ஒரு பிழைக்காகத் தன்னையே ஓயாது தண்டித்துக்கொள்ளும் உள்ளத்தை இதைவிடத் துல்லியமாக எந்த வைத்திய நூலும் வருணித்துவிட முடியாது. உலகம் அவனைக் குற்றவாளியென்று சொல்லவில்லை. அவன் மனம் அவனை விடவில்லை.

பெரியோர் சொற்படி அவன் நாள்தோறும் ஆயிரத்தெட்டு முறை சோமசுந்தரக் கடவுளை வலம்வந்தான். அங்கேதான் நாம் நின்று கவனிக்கவேண்டிய செய்தி வருகிறது. மதுரையின் இறைவன் நினைத்திருந்தால் தன் சந்நிதியிலேயே, அந்தக் கணத்திலேயே, அடியவனின் துன்பத்தைத் துடைத்திருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை. அஞ்சாதே என்று முதலில் ஆறுதல் சொன்னான்; பின்பு, சோழன் படையெடுத்து வருவான், அவன் புறங்காட்டி ஓடும்போது தொடர்ந்து செல், அப்படியே திருவிடைமருதூரை அடைவாய், அங்கே உன் துயர் தீரும் என்று அசரீரியாக அறிவித்து, மதுரையில் அழுதவனைச் சோழநாட்டுக்கு அனுப்பிவைத்தான். வரகுணனும், “என் சொக்கனிடம் தீராதது இன்னோர் ஊரில் தீருமோ?” என்று கேட்டு உட்கார்ந்துவிடவில்லை, போனான். இடைமருதின் கிழக்குக் கோபுர வாயிலில் பிரமகத்தி உள்ளே நுழையமாட்டாமல் நின்றுவிட்டது. அரசன் இறைவனைத் தொழுது, திருவருளின்படியே மேற்கு வாயில் வழியாக வெளியேறித் தன் ஊருக்குத் திரும்பினான். இன்றும் அந்தக் கீழைவாயிலில் பிரமகத்தியின் உருவம் இருக்கிறது. அவ்வழியே நுழைந்தவர்கள் அவ்வழியே திரும்பாமல் வேறு வாயிலால் வெளியேறுவது வழக்கமாக இருக்கிறது.

இரண்டு இடத்திலும் இருப்பவன் ஒரே சிவன்தானே, இதிலென்ன விசேஷம் என்று கேட்கலாம். அதுவே விசேஷம் என்பேன். எங்கும் நிறைந்தவன் ஒருவன், இன்ன துன்பம் இன்ன இடத்தில் தீரட்டும் என்று ஒரு நியதி வைக்கிறான் என்றால், அடியவன் அந்த இடத்தைத் தேடிப்போவது அவனைவிட்டு விலகுவதாகாது. இவ்வூரின் மற்றொரு சரித்திரமும் இதையே சொல்கிறது. நின்றசீர் நெடுமாறனுக்கு வெப்புநோய் கண்டபோது, ஆலவாய்ப் பெருமானை இடையறாது வழிபட்ட மங்கையர்க்கரசியார், பிரார்த்தனை ஒன்றே போதுமென்று இருந்துவிடவில்லை. குலச்சிறையாரோடு கூடி, திருஞானசம்பந்தரை அழைப்பிக்கவேண்டுமென்று கணவனிடம் எடுத்துரைத்தார். அரசனும் இசைந்தான். தீர்த்தது திருநீறு, ஆனாலும் தீர்க்கவல்ல ஒருவரை அழைப்பது வீட்டிலுள்ளோரின் கடமையாகவே இருந்தது.

இனி, மனம் என்பது எது என்று நம் சித்தாந்தம் வகுத்துக் காட்டியிருப்பதைப் பார்க்கலாம். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் மாயையின் காரியங்கள்; தாமாக அறியும் ஆற்றலற்ற சடப்பொருள்கள்; ஆன்மா அவற்றுள் எதுவுமன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் இதற்கென்றே அமைந்தது; மந்திரிகளோடு கூடிக் காரியம் நடத்தும் அரசனைப்போல ஆன்மா இக்கருவிகளோடு கூடித் தொழிற்படுகிறது என்பது அங்கே கொள்ளப்படும் கருத்து. இதன் பலனைச் சற்றே ஆலோசித்தால் பெரிய பாரம் ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கும். மனம் கருவியென்றால் மற்றக் கருவிகளைப்போல அதுவும் பழுதடையும். கண்ணில் புரை வளர்ந்தால் அது ஆன்மாவின் மாசு ஆகாததுபோல, மனத்தில் சோர்வு படிந்தாலும் அது ஆன்மாவின் இழிவு ஆகாது. கண்புரைக்கு மதுரையில் மருத்துவமனை தேடி ஊர்ஊராக ஜனங்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அதைத் தெய்வநிந்தை என்று எவரும் சொன்னதில்லை. மனத்தை மட்டும் ஆன்மாவோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு, அதன் நோயைப் பாவமென்றும் பலவீனமென்றும் எண்ணி வெட்குகிறோம். சைவத்தின் பெயரால் அப்படி வெட்குபவர் சைவ சாத்திரத்துக்கே மாறாக நடக்கிறார்.

வினைப்பயன் என்ற இரண்டாம் ஆட்சேபமும் நெடுநேரம் நிற்காது. வினையின் பயனை அறிந்து கூட்டுவிப்பவன் இறைவன் என்றால், நோயை வைத்த உலகிலேயே வைத்தியனையும் வைத்தவன் அவனே. சிகிச்சையால் குணமாகிறதென்றால் குணமாவதும் வினைப்பயனுக்குள் அடங்கியதே. கன்மக் கொள்கை ஒருவன் தன் நடத்தையைத் திருத்திக்கொள்வதற்காக ஏற்பட்டது. துன்பத்தில் கிடக்கும் மருமகளையோ மகனையோ பார்த்து, “உன் தலையெழுத்து, அனுபவி” என்று சொல்வதற்காக அது ஏற்படவில்லை.

சாத்திரத்தைவிட்டுச் சனங்களின் வழக்கத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் செழிப்பாக இருக்கிறது. மேலமடைப் பாண்டி முனீசுவரர் கோயிலுக்குக் காத்துக் கருப்பு அடித்ததென்றும் பேய் பிடித்ததென்றும் சொல்லப்படுபவர்களை அழைத்துக்கொண்டு இந்தச் சமவெளி முழுவதிலுமிருந்து குடும்பங்கள் வருகின்றன. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மனசு சரியில்லை என்றவுடன் முதலில் போய்க் குறி கேட்பது கோடாங்கியிடம். இவற்றையெல்லாம் மூடத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்கள், அங்கே நடப்பதை உட்கார்ந்து பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே தலைவிரி கோலமாக ஆடுகிற ஒரு பெண், மாமனாரின் கொடுமையையும், கணவனின் குடியையும், பிறந்து இறந்த பிள்ளையையும், தன் வாயால் ஒருநாளும் சொல்லமுடியாத அத்தனையையும் பேயின் வாயால் சொல்லிவிடுகிறாள். வீட்டார் கைகட்டி நின்று கேட்கிறார்கள். அவள் சொன்னால் அடி விழும். பேய் சொன்னால் பரிகாரம் கிடைக்கும். பேச வழியில்லாத ஒரு சமுதாயம் பேசுவதற்குக் கண்டுபிடித்த வாசல் அது. அந்த வாசலில் எத்தனையோ உயிர்கள் தப்பியிருக்கின்றன.

ஆனால் அதன் குறையும் அங்கேதான் இருக்கிறது. அவள் பேசினாள் என்று பிறகு யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அவளுக்கே அது ஞாபகமில்லை என்பார்கள். பேய் விலகியதும் அவள் மறுபடியும் ஊமை. மனநல ஆலோசகரின் அறையிலே கிடைப்பது இதற்கு ஒருபடி மேலான ஒன்று: அதே துயரத்தை, சுய நினைவோடு, தன் பெயரால், தன் குரலால் சொல்லும் உரிமை. சொன்னதைக் கேட்பவர் பயப்படுவதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை, ஊரில் போய் உரைப்பதுமில்லை. சந்நிதியில் நாம் சொல்வதை அம்மன் கேட்கிறாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அவள் குறுக்குக்கேள்வி கேட்பதில்லை. “நான் எதற்கும் உதவாதவன்” என்று நாம் அழுதால், அதை எதைக்கொண்டு அறிந்தாய் என்று எதிரே உட்கார்ந்து கேட்பதற்கு மனிதவாய் ஒன்று வேண்டியிருக்கிறது. 1960-களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்னும் மருத்துவர் வகுத்த சிகிச்சைமுறை இந்தக் கேள்வியையே அடிப்படையாகக் கொண்டது. மனத்தில் தானாக எழும் எண்ணங்களை உண்மையென்று நம்பிவிடாமல், அவற்றுக்குச் சான்று என்ன என்று நோயாளியையே ஆராயவைப்பது அதன் வழி. நம் சைவ மரபிலும் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், உண்மையை அறியும் வழிகளாகிய அளவைகளை வகுத்துரைத்த பின்னரே பொருளாராய்ச்சிக்குள் புகுகிறார். எதையும் காட்சியாலும் கருதலாலும் உரையாலும் சோதித்தே கொள்ளவேண்டுமென்ற அந்தப் பயிற்சியை உலகத்தின்மேல் செலுத்திய நாம், நம்மைப் பற்றி நாமே செய்துகொள்ளும் கொடிய முடிவுகளின்மேல் செலுத்தத் தவறிவிட்டோம்.

கோயிலின் பங்கை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் சிற்றூரில் முத்துசுவாமி கோயில் ஒன்று இருக்கிறது; மனநோயால் பீடிக்கப்பட்டவர்கள் உறவினர் துணையோடு அங்கே கட்டணமின்றித் தங்கி, கோயிலின் சிறு வேலைகளில் ஈடுபட்டு, வழிபட்டுக்கொண்டிருப்பது வழக்கமாக இருந்தது. அவ்வாறு தங்கிய 31 பேரை பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர் ரகுராமும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் கவனித்து, சராசரி ஆறு வாரத்தில் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு தணிந்திருந்ததாக 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். விசேஷமான சடங்கு எதுவும் அங்கே செய்யப்படவில்லை. அச்சுறுத்தாத இடம், அன்றாட ஒழுங்கு, பரிவு, உடனிருக்கும் ஓர் உறவு: இவையே மருந்தாக இருந்தன.

இதே நாட்டில், இதே நம்பிக்கையின் பெயரால், வேறொன்றும் நடந்தது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், மதுரைக்குத் தென்கிழக்கே இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தவர்களுக்கென்று தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். ஓடித் தப்பியிருக்கவேண்டியவர்கள் அவர்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடமுடியவில்லை. அந்தத் தர்காவில் சகல மதத்தாரும் போய்த் தொழுகிறார்கள். அங்கே அடங்கியிருக்கும் மகான்மீது இந்தப் பழி சிறிதும் சாராது. தம் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுபோய் ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டு, தாம் பார்க்காமலே இருந்துவிட்ட குடும்பங்களின்மேலும், அந்தக் கையறுநிலையை வருமானமாக்கியவர்களின்மேலும், பக்கத்தில் ஒரு வைத்தியரை வைக்காத அரசின்மேலும்தான் அது சாரும். கைவிடுவதற்குப் பக்தி என்று பெயர்சூட்டினால் என்ன விளையும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளிகளை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாதென்று விதிக்கிறது. அவர்களைப் பற்றிய செய்திகளை இரகசியமாகக் காக்கும் உரிமையையும் அளிக்கிறது. ஏர்வாடியிலேயே, தர்காவில் துஆ என்னும் பிரார்த்தனையும் அதனருகே மருந்தும் சேர்ந்து கிடைக்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது. முன்பே வந்திருக்கவேண்டும்.

இரகசியம் என்றேன். கேட்டதை வெளியிடாமை என்னும் தருமம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1606-இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்த காலத்திலிருந்து இங்கே வளர்ந்த கத்தோலிக்க சபையில், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் உயிரே போனாலும் வெளியிடக்கூடாது என்பது விதி. ஆலோசகரின் அறைக்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கும் வேற்றுமை உண்டு. ஒன்றில் மன்னிப்பு, மற்றொன்றில் தெளிவு. ஆனால் ஒரு மனிதன் தன் நெஞ்சை முழுவதும் திறக்கவேண்டுமானால் எதிரிலிருப்பவரின் வாய் பூட்டப்பட்டிருக்கவேண்டும் என்பதை இரண்டும் ஒன்றுபோல் அறிந்திருக்கின்றன.

ஆஸ்திகர்களின் பக்கத்திலிருந்து ஒரு பயம் சொல்லப்படுவதுண்டு: அங்கே போனால் நம் நம்பிக்கையைப் பரிகசிப்பார்களோ என்பது. பரிகசிப்பவர் நல்ல ஆலோசகராகார். அவரை விட்டு வேறொருவரிடம் போகலாம், போகவேண்டும். நோயாளி நம்புவது எதுவோ அதைத் துணையாக்கிக்கொள்வதே அந்தத் தொழிலின் ஒழுக்கம். நாம் பார்க்கவேண்டியது வேறு. மருத்துவ உளவியலர் (கிளினிகல் சைக்காலஜிஸ்ட்) என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். மருந்து எழுதித் தருவதற்கு உரியவர் மருத்துவரே என்பதையும் அறிந்திருக்கவேண்டும். இல்லாத குரல்கள் காதில் கேட்பது, உயிரை விட்டுவிடலாமென்று தோன்றுவது போன்ற நிலைகளில் பேச்சு மட்டும் போதாது. மருத்துவரிடம் அன்றே போகவேண்டும்.

இத்தனைக்கும் மேல் நிற்பது வெட்கம். பாண்டி கோயிலுக்கு வண்டி பிடித்து, கிடாயும் சுற்றமுமாக ஊரறியப் போகிறோம். மனநல மருத்துவரிடமோ, பிள்ளைக்குக் கலியாணம் ஆகாமல் போய்விடுமென்று, வேறு ஊரில், அந்தி சாய்ந்தபின் போகிறோம். 2015-16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றால் துன்புறுவதாகவும், கோளாற்றின் வகைக்கேற்ப அவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சையின்றி இருப்பதாகவும் கண்டது. பத்தில் ஒருவருக்கு வருவதை வெட்கத்துக்குரியது என்று எப்படிச் சொல்வது? திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதியில், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிசெய்பவன் என்று மருத்துவத்தை நான்காகப் பகுத்தபோது, உடனிருப்பவனையும் ஓர் உறுப்பாகவே வைத்தார். 1950-களில் அமிர்தசரசு மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், குடும்பத்தாரையும் நோயாளியோடு தங்கவைத்துச் சிகிச்சை செய்தார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையமும் அவ்வழியை மேற்கொண்டது. ஆகையால் வீட்டில் ஒருவர் ஆலோசகரிடம் போகவேண்டுமென்று சொன்னால், மற்றவர்களுக்குரிய வேலை அவரைத் தடுப்பதன்று. முதல்நாள் துணைக்குப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது.

உதவி நாடிப் போவதற்கு இவ்வூரில் இடத்துக்குக் குறைவில்லை. மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992-இல் நிறுவிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இங்கே பணியாற்றி வருகிறது. மீனாட்சியைத் தரிசித்துவிட்டு வைகைப் பாலத்தைக் கடந்தால் கோரிப்பாளையத் தர்கா. அதற்கு அப்பால் சிறிது தூரத்தில் ஜனங்கள் பெரியாஸ்பத்திரி என்று சொல்லும் அரசு இராசாசி மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு உண்டு. வெளியே போகமுடியாதவர்கள், நள்ளிரவில் தனித்து விழித்திருப்பவர்கள், 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் சேவையை எந்நேரமும் அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசு நடத்திவரும் அந்தச் சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.